ஓடித் திரியும் பிள்ளைக்கு ஸ்ரூடியோ லைற் வைப்பது எப்படி

பெரிய ஆளைக் கதிரையில் இருத்தி, "நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ, இந்தப் பக்கம் பாருங்கோ" என்று சொல்லிப் படம் எடுக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளையிடம் அது நடக்காது. லைற்றை முகத்துக்கு அளந்து வைத்து முடிக்க முதலே பிள்ளை எழும்பி அம்மம்மாவின் மடிக்குப் போய்விடும். அதனால் பிள்ளைப் படத்தில் வெளிச்சத்தை முகத்துக்கு வைப்பதில்லை, பிள்ளை நடமாடப்போகும் நிலத்துக்கு வைக்கிறோம். நாலடி நீளமும் நாலடி அகலமுமான ஒரு துண்டு நிலம் போதும். அதற்குள் பிள்ளை எங்கே நின்றாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் சரியாக விழவேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இதற்காகத்தான்.

என்ன வாங்குவது, எதை விடுவது

தொடக்கத்தில் ஒரு பிளாஷ் போதும். மூன்று லைற் கொண்ட செற் ஒன்றை ஒரேயடியாக வாங்குபவர்கள் மூன்றையும் ஒரே நாளில் போட்டுப் பார்ப்பார்கள். எந்த நிழல் எந்த லைற்றால் வந்தது என்று பிறகு பிடிபடாது. ஒன்றை வடிவாகப் பழகிய பிறகு இரண்டாவதைத் தொடுங்கள்.

இங்கே பலர் வைத்திருப்பது கொடொக்ஸ் என்ற கம்பனியின் பிளாஷ் வகை. 300 அல்லது 400 வாற் செக்கன் வலுவுள்ள, சுவர்ப் பிளக்கில் மின்சாரத்துக்குக் கொழுவும் ஸ்ரூடியோ பிளாஷ் ஒன்று வீட்டு அறைக்குத் தாராளம். கையில் இருப்பது கமராவின் தலையில் செருகும் சின்னப் பிளாஷ் என்றால் அதையும் ஸ்ராண்டில் ஏற்றிப் பழகலாம். ஆனால் அதற்குள் நாலு மீள்மின்னேற்றப் பற்றரி போடுங்கள். சாதாரண பற்றரி போட்டால் இருபது முப்பது படத்துக்குள் மறுபடி தயாராக எடுக்கும் நேரம் நீண்டுவிடும். பிள்ளை சிரிக்கும் வேளையில் பிளாஷ் அடிக்காது.

பணத்தைப் போடவேண்டிய இடம் வெளிச்சத்தைப் பரப்பும் பெட்டி, அதாவது சொவ்ட்பொக்ஸ். 120 சென்ரிமீற்றர் எண்கோணப் பெட்டி பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தம். அது கட்டுப்படியாகாவிட்டால் ஒரு மீற்றர் வெள்ளைக் குடை, வெளிச்சம் ஊடுருவும் வகையில் வாங்குங்கள். 60 சென்ரிமீற்றர் சின்னப் பெட்டி வேண்டாம். அதன் காரணம் தூரக் கணக்கில் வரும்.

இவற்றோடு பாரம் தாங்கும் ஸ்ராண்ட் ஒன்று, கமராவிலிருந்து பிளாஷுக்குக் கம்பியில்லாமல் கட்டளை அனுப்பும் ரிகர் ஒன்று, நாலடிக்கு இரண்டடி வெள்ளை றெஜிபோம் துண்டு ஒன்று, ஐந்து கிலோ மணல் கட்டிய பை இரண்டு. பின்னணிக்குப் புடைவைக் கடையில் மினுங்காத, தடித்த சாம்பல் நிறத் துணி ஐந்து யார் வாங்கி, ஹாட்வெயாரில் பிவிசி குழாய் வாங்கிக் கட்டுங்கள். துணியை ஸ்ரிக்கை போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் பூட்டி இழுத்துவிட்டால் சுருக்கம் தெரியாது. மெல்லிய பொலியெஸ்ரர் துணி பிளாஷுக்கு மினுங்கும், தவிர்த்துவிடுங்கள்.

அறையை முதலில் பாருங்கள்

பதினெட்டடிக்குப் பன்னிரண்டடி அறை வசதியானது. பின்னணியிலிருந்து பிள்ளைக்கு ஐந்தடியும், பிள்ளையிலிருந்து கமராவுக்கு ஒன்பது பத்தடியும் வேண்டும். ஐந்தடி விடுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளையின் நிழல் துணியில் விழாமல் கீழே தரையில் விழுந்துவிடும், துணியின் சுருக்கமும் மங்கிவிடும்.

எங்கள் ஊர் வீடுகளில் இன்னும் இரண்டு சிக்கல். ஒன்று சுவர் நிறம். கடும் பச்சை, நீலம், றோஸ் அடித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும். பிள்ளையின் ஒரு கன்னம் பச்சையாகத் தெரிந்தால் கமராவில் பிழை தேட வேண்டாம், பக்கத்துச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுங்கள். மற்றது சிவப்புச் சீமெந்துத் தரை. பளபளவென்று மினுக்கிய பழைய வீட்டுத் தரை நாடிக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் செம்மையை ஏற்றும். இந்த நிறம் படத்தைத் திருத்தும்போது லேசில் போகாது, ஏனென்றால் முகத்தின் மேற்பகுதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பகுதி இன்னொரு நிறமாகவும் இருக்கும். பின்னணித் துணியை அப்படியே நிலத்துக்கு இறக்கி, கமராப் பக்கமாக ஆறடி நீட்டி விரித்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

சன்னல் வெளிச்சத்தில் பழக விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வடக்குப் பார்த்த சன்னலில் நேர் வெயில் விழாது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையிலும் சற்றுக் குறைவு. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பவும் உச்சிக்கு வரும். அந்த நாலரை மாதமும் வடக்குச் சன்னலால் வெயில் வரும். மெல்லிய வெள்ளைத் திரை போடாமல் அந்த வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

கமராவை எப்படி வைப்பது

எல்லாவற்றையும் கையால் வைக்கும் மனுவல் முறைக்கு வாருங்கள். சட்டர் (திரை திறந்திருக்கும் நேரம்) 1/160 செக்கன், அப்பேச்சர் (லென்ஸின் துவார அளவு) எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன்) 100, வெள்ளைச் சமநிலை (நிறத்தைச் சரிப்படுத்தும் அமைப்பு) பிளாஷ் அல்லது 5500 கெல்வின். கோப்பு றோ, அதாவது கமரா தானாகத் திருத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு. லென்ஸ், கமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சென்சர் முழு அளவு என்றால் 85 மில்லிமீற்றர், சின்னச் சென்சர் என்றால் 50 மில்லிமீற்றர். நிற்கும் பிள்ளையின் முழு உருவமும் ஒன்பது பத்தடித் தூரத்தில் இவற்றுக்குள் அடங்கும். 35 மில்லிமீற்றரோடு கிட்டப் போனால் பிள்ளையின் நெற்றியும் மூக்கும் பெருத்துத் தெரியும்.

இப்போது பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கறுப்பாக வரவேண்டும். அப்படி வந்தால், அறை லைற்றும் சன்னலும் படத்துக்குள் நுழையவில்லை, இனிப் படத்தில் தெரிவது முழுக்க உங்கள் பிளாஷின் வேலை என்று பொருள். கறுப்பாக வராமல் மஞ்சள் சாயல் தெரிந்தால் சன்னலை மூடுங்கள், அல்லது அப்பேச்சரை எஃப் 11க்குக் கொண்டுபோங்கள்.

சட்டரை 1/160க்கு மேலே ஏன் கூட்டக்கூடாது? பல கமராக்களில் சட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருப்பது 1/200 அல்லது 1/250 வரைதான். அதற்கு மேலே போனால் முதல் திரை முழுதாகத் திறக்க முன்னர் இரண்டாம் திரை மூடத் தொடங்கும். பிளாஷ் அடிக்கும் கணத்தில் சென்சரின் ஒரு பகுதி மறைந்திருப்பதால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். சில மலிவு ரிகர்கள் கொஞ்சம் பிந்தித்தான் கட்டளையை அனுப்பும். அதற்காகத்தான் 1/160.

அறை லைற்றை மட்டும் அணைக்க வேண்டாம். இருட்டறையில் பிள்ளை பயப்படும் என்பது ஒன்று. இருட்டில் கண்மணி விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரியும் என்பது இன்னொன்று. அறை வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கி, எங்கள் பிள்ளைகளின் மண்ணிறக் கண் வடிவாகத் தெரியும். கமராவும் குவியத்தை வேகமாகப் பிடிக்கும்.

உரித்த தேங்காயில் பழகுங்கள்

பிள்ளையை வைத்துக்கொண்டு லைற் பழகக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் பிள்ளை சலித்துவிடும், உங்களுக்கும் பதற்றம் வரும். உரித்த தேங்காய் ஒன்றை ஸ்ரூலின் மேல், பிள்ளையின் முக உயரத்துக்கு வையுங்கள். மண்ணிறம், உருண்டை, கண்போல மூன்று பள்ளம். நிழல் பழக இதைவிட மலிவான ஆள் கிடையாது.

பிளாஷைக் கமராவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம். பிறகு தேங்காயை நடுவாக வைத்து, தூரத்தை மாற்றாமல் வட்டமாக நகர்த்தி 30 பாகையில் ஒன்று, 45இல் ஒன்று, 90இல் ஒன்று. பிறகு 45 பாகையிலேயே நிறுத்தி உயரத்தை நாலடி, ஐந்தடி, ஏழடி என்று மாற்றுங்கள். ஏழடியில் கண் பள்ளங்கள் கறுத்துப் போவதைப் பாருங்கள், பிள்ளை முகத்திலும் அதே இடம்தான் கறுக்கும். கடைசியாகத் தேங்காயின் அரைவாசியில் நல்லெண்ணெய் பூசுங்கள். மினுங்கல் எங்கே விழுகிறது, பெட்டியைக் கிட்டக் கொண்டுவர அது எப்படிப் பரந்து மென்மையாகிறது என்று தெரியும். வியர்த்த முகம் இப்படித்தான் நடக்கும். இரண்டு பின்னேரம் இதைச் செய்தால் போதும், ஒவ்வொரு படத்துக்கும் தூரம், உயரம், பிளாஷ் வலு மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

தூரக் கணக்கு

புதியவர்கள் பிழை விடுவதும், விளங்கினால் உடனே படம் திருந்துவதும் இங்கேதான். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் காற்பங்கு. இதைப் பிள்ளையின் நடைக்குப் பொருத்திப் பாருங்கள்.

பெட்டியைப் பிள்ளையிலிருந்து நாலடியில் வைத்திருக்கிறீர்கள். பிள்ளை ஓரடி முன்னுக்கு வந்தால் மூன்றடி, ஓரடி பின்னுக்குப் போனால் ஐந்தடி. மூன்றடியில் விழும் வெளிச்சம் ஐந்தடியில் விழுவதைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு, அதாவது ஒன்றரை ஸ்ரொப் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்ரொப்). ஒரு படத்தில் முகம் வெளிறும், அடுத்த படத்தில் இருளும். இப்போது பெட்டியை ஏழடிக்குத் தள்ளுங்கள். அதே ஓரடி முன், ஓரடி பின் என்றால் ஆறடியும் எட்டடியும். வித்தியாசம் 1.8 மடங்குக்கும் சற்றுக் குறைவு, ஒரு ஸ்ரொப்புக்கு உள்ளே. றோ கோப்பில் இதைச் சுகமாகச் சமப்படுத்தலாம்.

ஆனால் பெட்டி தள்ளிப்போனால் பிள்ளையின் கண்ணுக்கு அது சின்னதாகத் தெரியும், நிழலின் ஓரம் கூர்மையாகும். 60 சென்ரிமீற்றர் பெட்டியை வேண்டாம் என்றது இதற்குத்தான். அதை ஏழடிக்குத் தள்ளினால் மூக்கின் நிழல் கீறிவிட்டதுபோல விழும். 120 சென்ரிமீற்றர் பெட்டி ஏழடியிலும் மென்மையாகவே இருக்கும். இதற்குக் கொடுக்கும் விலை வலு: நாலடியிலிருந்து ஏழடிக்குப் போக மூன்று மடங்கு வெளிச்சம் தேவை. 400 வாற் செக்கன் பிளாஷில் காற்பங்கு வலு, எஃப் 8 என்று தொடங்கிப் பாருங்கள், அங்கிருந்து கூட்டிக் குறைக்கலாம். சின்னப் பிளாஷ் என்றால் குடையை ஐந்தடிக்குக் கொண்டுவந்து, காற்பங்கு வலுவில் ஐ.எஸ்.ஓ.வை 200க்கு ஏற்றி, எஃப் 5.6இல் தொடங்குங்கள். அதை முழு வலுவில் அடிக்க வைக்க வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் காத்திருக்க வேண்டிவரும், பிளாஷின் தலையும் சூடாகும்.

உயரமும் பக்கமும்

பெட்டியின் நடுப்பகுதி பிள்ளையின் கண்ணிலிருந்து இரண்டரை அடி மேலே இருக்கட்டும். நிற்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் கண் நிலத்திலிருந்து இரண்டரை அடியளவில் இருக்கும், ஆகவே பெட்டியின் நடு ஐந்தடி. நிலத்தில் இருக்கும் பிள்ளைக்கு நாலடி. பெரிய ஆட்களுக்கு வைத்த ஏழடியை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையை இருத்துவதுதான் ஸ்ரூடியோக்களில் வழக்கமாக நடக்கும் பிழை. அதோடு பிள்ளை விளையாட்டுச் சாமானைக் குனிந்து பார்த்தால் கண் இரண்டும் நிழலுக்குள் போய்விடும்.

பக்கத்துக்கு 45 பாகை என்று எல்லோரும் சொல்வார்கள். ஓரிடத்தில் இருக்கக்கூடிய ஆளுக்கு அது அழகு. ஓடும் பிள்ளைக்கு 25, 30 பாகைக்குள், கமராவுக்குக் கிட்டவே வையுங்கள். பெட்டி இடது பக்கம் 45 பாகையில் இருக்க, பிள்ளை வலது பக்கம் திரும்பினால் முகம் முழுக்க இருளுக்குள் போகும். 25 பாகையில் வைத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு கன்னம் வெளிச்சத்தில் இருக்கும்.

மற்றப் பக்கத்தில் றெஜிபோம் துண்டை, பிள்ளை நடமாடும் சதுரத்தின் ஓரத்தில் நிமிர்த்தி வையுங்கள். அது இருக்கும்போது ஒரு படமும், அதை அகற்றிவிட்டு ஒரு படமும் எடுத்துப் பார்த்தால், நிழற்பக்கக் கன்னம் எவ்வளவு தெளிகிறது என்று தெரியும்.

இன்னொரு சின்ன வேலை. பெட்டியின் முகத்தைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே காட்டாமல், பிள்ளைக்கு முன்னால் ஓரடி தள்ளிய வெறும் இடத்துக்குத் திருப்புங்கள். வெளிச்சத்தின் ஓரம்தான் இப்போது பிள்ளையில் படும். கிட்ட வந்தால் மிகையாகும் வெளிச்சம் இதனால் ஓரளவு கட்டுப்படும், றெஜிபோமுக்கும் கூடுதலாக வெளிச்சம் போய்ச் சேரும்.

எல்லாம் சரியா என்று கண்ணில் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி, மணிக்கூட்டில் பத்து பதினொன்று அல்லது ஒன்று இரண்டு இருக்கும் இடத்தில் விழவேண்டும். புள்ளியே இல்லை என்றால் பெட்டி உயரம். நடுக்கண்ணில் விழுந்தால் பெட்டி மிகப் பதிவு. அளவு பிடிபட்டதும் ஸ்ராண்ட் கால், பிள்ளையின் சதுரம், கமரா நிற்கும் இடம் மூன்றுக்கும் நிலத்தில் ரேப் ஒட்டுங்கள்.

வயதுக்கு வயது

வெளிநாட்டு வழிகாட்டிகள் பிறந்து இரண்டு கிழமைக்குள் படம் எடுக்கச் சொல்லும், அப்போதுதான் பிள்ளை சுருண்டு தூங்கும். எங்களிடம் முப்பத்தொன்று கழியாமல் பிள்ளை வெளிக்கிடாது. ஒரு மாதப் பிள்ளை கைகாலை அடித்து விழித்திருக்கும். ஆகவே சுருட்டி மடித்து வைக்கும் நிலைகளை விட்டுவிடுங்கள். மெத்தையில் வளர்த்தி, பெட்டியைத் தலைமாட்டுப் பக்கம், சாய்வாக 45 பாகையில் வையுங்கள். வெளிச்சம் உச்சியிலிருந்து நெற்றி, மூக்கு, நாடி என்று இறங்கவேண்டும். கால்மாட்டில் வைத்தால் நாடியிலிருந்து மேலே ஏறும் வெளிச்சம் மூக்குத் துவாரத்தைக் காட்டி, கண்ணுக்கு மேலே நிழல் எறியும், அழகான பிள்ளையும் பயமுறுத்தும். பிள்ளைக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பெரிய ஆள் இருக்கவேண்டும். பிள்ளைக்கு மேலே லைற்றைத் தொங்கவிடக் கூடாது, எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் கூடாது.

பல்லுக்கொழுக்கட்டை வீட்டில் எடுப்பதாக இருந்தால் பெரிய எதிரி நிழல் அல்ல, சொந்தக்காரர். பிள்ளையை இருத்தி முன்னால் சாமான்களைப் பரப்பியதும் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், பெட்டிக்கும் பிள்ளைக்கும் இடையில் அரைவாசிப் பேர் நிற்பார்கள். தொடங்க முதலே பெட்டி நிற்கும் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லி, அங்கே இரண்டு கதிரையைத் தடுப்பாகப் போடுங்கள். பெட்டியை ஆறடி உயரத்துக்கு ஏற்றினால் பின்னால் நிற்பவர்களுக்கும் வெளிச்சம் போகும். இந்த ஒரு வேளை கண்ணில் சிறு நிழல் விழுந்தாலும் பரவாயில்லை. நீங்கள் நிலத்தில் படுங்கள். பிள்ளை எதை எடுக்கிறது என்பதும், கொழுக்கட்டை தலையில் கொட்டும்போது அதன் முகம் போகும் போக்கும் பிள்ளையின் கண் மட்டத்தில்தான் தெரியும்.

நடை பழகிய பிள்ளைக்கு வேலை வாங்கும் தந்திரம் லைற்றில் இல்லை, தாய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பிள்ளை கூப்பிடும் குரலுக்குத்தான் திரும்பும். தாயைப் பெட்டிக்கும் கமராவுக்கும் நடுவில் நிறுத்திக் கூப்பிடச் சொல்லுங்கள், முகம் தானாக வெளிச்சத்துக்கு வரும். றெஜிபோம் பக்கம் நின்று அம்மம்மா கூப்பிட்டால் பிள்ளை நிழலைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கூப்பிடவேண்டும்.

ஏடு தொடக்கும் வயதுக்கு மேலே பிள்ளை சொல்வதைக் கேட்கும். அப்போது பெட்டியை நாலடிக்குக் கொண்டுவந்து, 45 பாகைக்கு நகர்த்தி, றெஜிபோமை எடுத்துவிட்டுப் பாருங்கள். நிழற்பக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம் விழும். 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படுவது இதுதான். அமைதியான பிள்ளைக்குப் பொருந்தும், குறும்புக்காரப் பிள்ளைக்குப் பொருந்தாது.

தோல், பவுடர், பொட்டு, பட்டு

கறுப்பு, மாநிறப் பிள்ளையின் முகம் பெரிய பெட்டியின் வெளிச்சத்தில் மிக வடிவாக விழும். நிறத்தைக் கூட்டவென்று பிளாஷ் வலுவை ஏற்றினால் நெற்றியும் கன்னமும் வெளிறி, தோலின் நயம் போய்விடும். "வெள்ளையாக எடுங்கோ" என்று கேட்கும் தாய் தகப்பனுக்கு, பிள்ளையின் சொந்த நிறத்தில் எடுத்த படத்தைக் கமராத் திரையில் ஒரு தரம் காட்டுங்கள். அனேகமாக அதற்குப் பிறகு கேட்க மாட்டார்கள். பிள்ளையின் நிறத்தை மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை அல்ல.

முகத்துக்குப் போட்ட பவுடர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிளாஷில் சாம்பல் பூத்ததுபோல விழும். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள். நாவூறு படாமல் கன்னத்தில் வைத்த கறுத்தப் பொட்டைப் படத்தில் அழிப்பதானால் தாயைக் கேட்டுவிட்டு அழியுங்கள், சிலருக்கு அந்தப் பொட்டுத்தான் பிள்ளையின் படம்.

பட்டுப் பாவாடையின் சரிகையும் தங்கச் சங்கிலியும் வெளிச்சத்தை அப்படியே திருப்பும். மிகை வெளிச்சத்தை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைக் கமராவில் போட்டுவிடுங்கள். சரிகையின் சின்னப் புள்ளிகள் மினுக்கினால் பரவாயில்லை. நெற்றி மினுக்கினால் பிளாஷ் வலுவை மூன்றிலொரு ஸ்ரொப் குறையுங்கள். சில மலிவு ஸ்ரூடியோ பிளாஷ்களில் வலுவைக் குறைத்தபின் ரெஸ்ற் பொத்தானை ஒரு தரம் அமத்தவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தேங்கிய பழைய வலு அடுத்த படத்தில் வரும்.

இரண்டாவது லைற்

ஒன்று கைக்கு வந்த பிறகு இரண்டாவதைப் பின்னணிக்குப் போடுங்கள். ஒரு லைற்றில் எடுத்தால், பெட்டியிலிருந்து பன்னிரண்டடியில் இருக்கும் துணிக்குப் பிள்ளையில் விழும் வெளிச்சத்தின் மூன்றிலொரு பங்குதான் போகும், வெள்ளைத் துணி சாம்பலாக விழும். வெள்ளை வெள்ளையாக வேண்டுமானால் இரண்டாவது பிளாஷைத் துணிக்கு நேரே, பிள்ளையைவிட ஒரு ஸ்ரொப் கூடுதலாக வையுங்கள். அதற்கு மேலே ஏற்றினால் பின்னாலிருந்து திரும்பும் வெளிச்சம் தலைமயிரின் ஓரத்தைத் தின்றுவிடும், படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளிறும்.

படம் பிழைத்தால்

கைகள் மட்டும் இழுபட்டுத் தெரிகிறதா? சில ஸ்ரூடியோ பிளாஷ்களில் வலுவைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரம் நீளும். வலுவைக் கூட்டி, பெட்டியைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சின்னப் பிளாஷில் இது மறுபக்கம், குறைந்த வலுவில்தான் மின்னல் குறுகும்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்தது கறுப்பு என்று மாறினால், பிளாஷ் மறுபடி தயாராக முன்னரே அமத்துகிறீர்கள். தயார் ஒலியைக் கேட்டு அமத்துங்கள். எல்.ஈ.டி. தொடர் லைற்றில் எடுக்கும்போது குறுக்கே பட்டைகள் விழுந்தால் காரணம் 50 ஹேட்ஸ் மின்சாரத்தின் துடிப்பு, சட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள்.

கண் சிவப்பாக விழுவது பிளாஷ் லென்ஸுக்கு மிகக் கிட்ட இருக்கும்போது, பெட்டியைத் தள்ளி வைத்தால் வராது. ஆனால் கைத்தொலைபேசிப் படங்களில், ஒரு கண் சிவப்பாகவும் மற்றக் கண்மணி வெள்ளையாகவும் திரும்பத் திரும்ப விழுவதைக் கண்டால் தாய் தகப்பனிடம் தயங்காமல் சொல்லி, கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். கோணத்தால் மட்டும் அப்படி விழுவதும் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளின் விழித்திரைப் புற்றுநோய்க்கும் இது அறிகுறி.

பிள்ளை வர முன்னர்

ஸ்ராண்டின் ஒரு கால் பெட்டி நீட்டிய பக்கம் பார்க்கவேண்டும், அந்தக் காலில் மணல் பை. கம்பியைச் சுவரோரமாகக் கொண்டுபோய் நிலத்தோடு ரேப் ஒட்டுங்கள். மின்விசிறியைப் பெட்டிக்கு நேரே போட்டால் குடையும் பெட்டியும் பாய்போலக் காற்றைப் பிடித்துச் சரியும், எதிர்ப்பக்கம் வையுங்கள். வீட்டு இன்வேட்டரிலும் சின்ன ஜெனரேற்றரிலும் ஸ்ரூடியோ பிளாஷைக் கொழுவ வேண்டாம், அது மின்சாரத்தை விட்டு விட்டு, ஒரேயடியாக இழுக்கும். கரண்ட் நின்றால் சின்னப் பிளாஷுக்கு மாறுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா என்று முதலிலேயே தாயிடம் கேளுங்கள். வந்திருந்தால் பிளாஷை விட்டுச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை வெளியே கொண்டுபோனால் எங்கள் ஈரக் காற்றில் லென்ஸ் பூத்துவிடும், கால் மணித்தியாலம் பைக்குள்ளேயே வைத்திருங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கு லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

பிள்ளை உள்ளே வந்ததும் கமராவைத் தூக்க வேண்டாம். பெட்டியைத் தொட்டுப் பார்க்கவிட்டு, பிளாஷை மிகக் குறைந்த வலுவில் இரண்டு மூன்று தரம் அடித்துக் காட்டுங்கள். நாலாவது தரம் பிள்ளை தானே "இன்னொருக்கா" என்று கேட்கும். அப்போது வலுவைப் பழைய அளவுக்கு ஏற்றி, ரேப் ஒட்டிய சதுரத்துக்குள் அதன் விளையாட்டுச் சாமானை வைத்துவிட்டு, நிலத்தில் இருந்து எடுக்கத் தொடங்குங்கள்.